வட்டாரம் பிறந்த கதை



சென்ற இதழில் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்ப்பது பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்த சிலர் பாடசாலையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார்கள். "தேர்தல் அலுவலகத்திலிருந்து தடித்த கடித உறை ஒன்று வந்திருக்கிறது. பிரிக்கலாமா? எறிந்துவிடலாமா?" இன்னொரு வீட்டில் வயதான ஐயா ஒருவர் உறையைக் கையிலும் தொடாமல் சொன்னார்: "பிள்ளையள், எங்களுக்கு உந்த அரசியல் வேண்டாம். பட்டது காணும்."

ஐயா சொன்ன அந்தச் சொல்லே இம்மாதப் பத்தியை எழுத வைத்தது.

பட்டது காணும்

ஐயாவின் சொல்லை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. எம்மவர்க்குத் தேர்தல் என்ற சொல்லோடு ஒட்டிய நினைவுகள் நல்லவை அல்ல. 1981 யூன் 4ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் எமது பொது நூலகம் எரிந்து சாம்பலானது. 1998 ஜனவரியில் பல ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. மாநகர முதல்வராகப் பொறுப்பேற்ற திருமதி சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முதல்வரான திரு. பொன்னுத்துரை சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். குப்பை அள்ளுவதும் தெருவிளக்குப் போடுவதும் பற்றிப் பேசவேண்டிய பதவி, உயிரைக் கேட்கும் பதவியாக இருந்த காலம் அது.

இதற்கும் முந்திய கதை மலையகத்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பாராளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பியது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. மக்கள் அதே லயங்களில் இருந்தார்கள், அதே கொழுந்தைப் பறித்தார்கள். சபையில் மட்டும் அவர்களுக்கு ஆள் இல்லை. பல இலட்சம் பேர் இருந்தும் கணக்கில் இல்லாமற் போகலாம் என்பதை எமது மண்ணிலேயே நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே இரண்டு பாடங்கள் எம்மிடம் உண்டு. தேர்தல் பயம் தரும் என்பது ஒன்று. வாக்கு இல்லாதவனுக்குக் குரலும் குறையும் என்பது மற்றது. முதற் பாடத்தை நன்றாக நினைவு வைத்திருக்கும் நாம் இரண்டாவதை மறந்துவிடுகிறோம். இங்கே சான்டா கிளாராவில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வழக்கு அந்த இரண்டாம் பாடத்தை நினைவூட்டுகிறது. புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. அதையே இங்கு சொல்கிறோம்.

நகரம் வேறு, கவுண்டி வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சான்டா கிளாரா என்பது ஒரு நகரத்தின் பெயர். அதே பெயரில் ஒரு கவுண்டியும் உண்டு. எமது நாட்டு வழக்கில் கவுண்டியை மாவட்டம் போல எண்ணிக்கொள்ளலாம். சான் ஹோசே, சனிவேல், மில்பிட்டாஸ், கூப்பர்ட்டினோ எல்லாம் இந்தக் கவுண்டிக்குள் அடங்கும் நகரங்கள். சான்டா கிளாரா நகரமும் அவற்றுள் ஒன்று. 2020 குடிசன மதிப்பீட்டின்படி இந்நகரத்தின் மக்கள் தொகை 127,647.

இந்த நகரத்தை நடத்துவது நகரசபை. மேயர் ஒருவர், உறுப்பினர்கள் ஆறு பேர். அன்றாட நிருவாகத்தை இவர்கள் நியமிக்கும் நகர முகாமையாளர் பார்க்கிறார். எது செய்வது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று தீர்மானிப்பவர்கள் இந்த ஏழு பேரே.

"இவர்கள் எமக்கு என்ன செய்கிறார்கள்?" என்று கேட்கலாம். மாதாமாதம் வரும் மின்சாரப் பட்டியலைப் பாருங்கள். சான்டா கிளாரா நகரத்துக்குள் குடியிருந்தால் மின்சாரம் தருவது சிலிக்கன் வலி பவர். அது தனியார் கம்பனி அல்ல, நகரத்துக்கே சொந்தமானது. 1896இலிருந்து இந்நகரம் தன் மின்சாரத்தைத் தானே வழங்கி வருகிறது. தெருவுக்கு அந்தப் பக்கம், சான் ஹோசே எல்லைக்குள் இருப்பவர் வேறு கம்பனிக்குக் கட்டணம் கட்டுகிறார். எமது மின்கட்டணம் கூடுமா குறையுமா என்பது நகரசபை மேசையில் முடிவாகும் காரியம். தண்ணீர், குப்பை, பூங்கா, தீயணைப்பு, நூலகம் எல்லாம் அப்படியே. பொலிஸ் தலைவரைக் கூட இந்நகரத்தில் மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். கலிபோர்ணியாவில் இந்த வழக்கம் உள்ள நகரம் இது ஒன்றுதான். 2024 மார்ச்சில் அதை நியமனப் பதவியாக மாற்றலாமா என்று கேட்டபோது மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். 2014இல் திறக்கப்பட்ட பெரிய உதைபந்தாட்ட அரங்கும் 2010 யூனில் நகர மக்கள் வாக்களித்து அனுமதித்த பின்னரே எழும்பியது.

பாடசாலை மட்டும் நகரசபையின் கீழ் இல்லை. அதற்குத் தனிச் சபை, தனித் தேர்தல். அந்தப் பெயர்களும் அதே வாக்குச்சீட்டில்தான் வரும்.

நூறு பேர் உள்ள ஊர்

இனிக் கதைக்கு வருவோம்.

2018 வரை இந்நகரத்தில் வட்டாரங்கள் இருக்கவில்லை. எமது ஊர்ப் பட்டினசபைகளிலும் மாநகரசபைகளிலும் ஒரு காலத்தில் முதலாம் வட்டாரம், இரண்டாம் வட்டாரம் என்று இருந்ததல்லவா? அப்படி எதுவும் இங்கில்லை. ஆறு ஆசனங்களுக்கும் இலக்கம் இருந்தது. போட்டியிடுபவர் இன்ன இலக்க ஆசனத்துக்கு என்று பெயர் கொடுப்பார். ஆனால் ஒவ்வோர் ஆசனத்துக்கும் வாக்களிப்பது முழு நகரமும்.

பார்வைக்கு இது நியாயமான முறை. எல்லாரும் எல்லாருக்கும் வாக்களிக்கிறார்கள். குறை எங்கே?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு வாக்காளர் உள்ள ஓர் ஊர். அறுபது பேர் ஒருவிதமாக வாக்களிப்பவர்கள், நாற்பது பேர் வேறுவிதமாக. ஆறு ஆசனங்கள். முதலாம் ஆசனத்துக்கு நூறு பேரும் வாக்களிக்கிறார்கள், அறுபதின் ஆள் வெல்கிறார். இரண்டாம் ஆசனத்துக்கும் அதே நூறு பேர், அறுபதின் ஆளே வெல்கிறார். ஆறாவது வரை இதே முடிவு. நாற்பது பேருக்குச் சபையில் ஒருவரும் இல்லை. நாற்பதில் நியாயமாக இரண்டு ஆசனமாவது வரவேண்டாமா? எவரும் களவு செய்யவில்லை, எவரையும் மிரட்டவில்லை. வாக்கு எண்ணும் முறையே நாற்பதை விழுங்கிவிடுகிறது.

சான்டா கிளாராவில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். வழக்கு நடந்த காலத்தில் நகர மக்களில் சுமார் 40 வீதத்தினர் ஆசிய வழியினர். வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் சுமார் 30 வீதத்தினர். ஆனால் 2018 வரை ஆசிய வழியினர் ஒருவரேனும் நகரசபைக்கு வாக்குகளால் தெரிவாகியிருக்கவில்லை. போட்டியிட்டார்கள். தோற்றார்கள். திரும்பவும் போட்டியிட்டார்கள். திரும்பவும் தோற்றார்கள்.

வழக்கு

2002இல் கலிபோர்ணியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. கலிபோர்ணியா வாக்குரிமைச் சட்டம் என்று பெயர். முழு நகரமும் சேர்ந்து வாக்களிக்கும் முறையால் ஒரு சிறுபான்மையினரின் வாக்கு வலுவிழக்கிறது என்பதையும், வாக்குகள் இனரீதியாகப் பிரிந்து விழுகின்றன என்பதையும் நிரூபித்தால் நீதிமன்றம் அந்த முறையை மாற்றலாம் என்பதே அதன் சாரம்.

அச்சட்டத்தின் கீழ் 2017இல் ஆசிய வழியினரான நகரவாசிகள் சிலர் நகரத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். "யுமோரி-காகு எதிர் சான்டா கிளாரா நகரம்" என்பது வழக்கின் பெயர். பெயரிலிருந்தே யப்பானிய வழியினர் என்று விளங்கும். சான் ஹோசேயில் 1977 முதல் ஏழைகளுக்கும் குடிவந்தோருக்கும் சட்ட உதவி செய்துவரும் ஏசியன் லோ அலையன்ஸ் என்னும் நிறுவனமும் அவர்களுக்குத் துணை நின்றது.

நகரம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆசிய வழியினர் என்றால் சீனர், இந்தியர், வியட்நாமியர், பிலிப்பினோ, யப்பானியர், கொரியர் என்று பலர், அவர்கள் எல்லாரும் ஒரேமாதிரி வாக்களிப்பவர்களா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆகவே பழைய தேர்தல்களின் கணக்குகள் நீதிமன்றத்தில் விரித்து ஆராயப்பட்டன. ஆராயப்பட்ட 10 நகரசபைத் தேர்தல்களில் 5இல் வாக்குகள் இனரீதியாகப் பிரிந்திருந்தன என்று நீதிமன்றம் கண்டது. பத்தில் ஐந்து போதாது என்று நகரம் வாதிட்டது. போதும் என்றது நீதிமன்றம்.

2018 யூலையில் தீர்ப்பு வந்தது. நகரம் ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வட்டாரமும் தன் உறுப்பினரைத் தானே தெரிவு செய்யும். மேயரை மட்டும் முழு நகரமும் தெரிவு செய்யும்.

அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம், மூன்றாம் வட்டாரங்களுக்கு முதற் தேர்தல் நடந்தது. இரண்டாம் வட்டாரத்தில் இந்திய வழியினரான ராஜ் சாகல் வென்றார். 2020 நவம்பரில் மீதி நான்கு வட்டாரங்களுக்கும் தேர்தல் நடந்தது. கொரிய வழியினரான கெவின் பார்க் நான்காம் வட்டாரத்திலும், இந்திய வழியினரான சுட்ஸ் ஜெயின் ஐந்தாம் வட்டாரத்திலும் வென்றார்கள். அத்தனை ஆண்டுகளாக ஒருவரும் இல்லாதிருந்த சபையில் இரண்டே தேர்தல்களில் ஆறில் மூவர். ஊர் மாறவில்லை, மக்கள் மாறவில்லை. எண்ணும் முறை மட்டுமே மாறியது.

இதற்கிடையில் நகரசபை இரண்டு முறை வேறு வழிகளை மக்கள் முன் வைத்தது. நகரத்தை இரண்டு பெரிய வட்டாரங்களாக்கலாம் என்று 2018 யூனில் கேட்டது. மூன்றாக்கலாம் என்று 2020 மார்ச்சில் கேட்டது. இரண்டையும் மக்கள் நிராகரித்தார்கள். 2020 டிசெம்பர் 30ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றமும் கீழ் நீதிமன்றத் தீர்ப்பைச் சரியென்றது. அதற்கு மேலே போகாமல் 2021இல் நகரம் வழக்கை முடித்துக்கொண்டது. வழக்குச் செலவு பல மில்லியன் டொலர். அந்தப் பணமும் நகர மக்களின் பணமே.

மறுபக்கமும் உண்டு

வட்டார முறையில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. முன்பு ஒரு வாக்காளர் ஆறு ஆசனங்களுக்கும் வாக்களிக்கலாம். இப்போது ஓர் உறுப்பினருக்கும் மேயருக்கும் மட்டுமே. மற்ற ஐந்து பேருக்கும் எமது வாக்குத் தேவையில்லை. தன் வட்டாரத்துத் தெருவை மட்டும் பார்த்துக்கொண்டு நகரத்தை மறந்துவிடும் உறுப்பினர்களும் வரலாம்.

இலங்கையும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அங்கே பழைய வட்டார முறை போய் விகிதாசார முறை வந்தபோது, சிறு கட்சிகளுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் "எங்கள் வட்டாரத்து மெம்பர்" என்று வீட்டுக் கதவைத் தட்ட ஒருவர் இல்லாமற் போனார். 2018 பெப்ரவரி 10ஆந் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் வட்டாரத்துக்கு 60 வீதமும் விகிதாசாரத்துக்கு 40 வீதமுமாகக் கலந்து ஒரு புது முறை கொண்டுவந்தார்கள். பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கினார்கள். மெம்பர்மாரின் தொகையோ ஏறக்குறைய இரட்டிப்பாகியது! ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் போதாமற் போகும் போர்வை போன்றது தேர்தல் முறை. எங்கும் முழு நிறைவான முறை கிடையாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எமது நிறத்தவர் ஒருவர் சபையில் இருப்பதால் மட்டும் எமது காரியம் நடந்துவிடாது. ராஜ் சாகலும் சுட்ஸ் ஜெயினும் இந்திய வழியினர் என்பதற்காக முகாமிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வாடகைக் கஷ்டம் அவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடுமா? வேறு நிறத்தவர் ஒருவர் எமது குறையை நன்றாகக் காதுகொடுத்துக் கேட்கவும் கூடும். முகத்தைப் பார்த்து அல்ல, செய்ததைப் பார்த்தே வாக்களிக்க வேண்டும்.

அப்படியானால் வட்டாரத்தால் எமக்கு என்ன இலாபம்? கணக்குத்தான் இலாபம். 127,647 பேரை ஆறாகப் பிரித்தால் ஒரு வட்டாரத்தில் சுமார் 21,000 பேர். அதில் வாக்காளர் ஒரு பகுதியினர். வாக்களிக்க வருபவர்கள் அதிலும் ஒரு பகுதியினர். முழு நகரத்தில் கரைந்துபோகும் நாற்பது ஐம்பது குடும்பங்கள் ஒரு வட்டாரத்துக்குள் கண்ணுக்குத் தெரியும். வீடு வீடாக வரும் வேட்பாளர் எமது கதவையும் தட்டத்தான் வேண்டும்.

சான் ஹோசேயில் குடியிருப்பவர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. அங்கே 1980 முதல் வட்டாரத் தேர்தல்தான். இப்போது பத்து வட்டாரங்கள் உண்டு. பழைய அடுக்குமாடிகளின் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் 1979 முதல் அந்த நகரத்தில் இருக்கிறது. அது நகரசபை செய்த சட்டம். வாடகை வீட்டில் இருக்கும் எமக்கு நகரசபையில் யார் இருக்கிறார் என்பது எத்தனை முக்கியம் என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

கவனம்! கவனம்!

இனிச் சொல்லப்போவது மிக முக்கியம். தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள்.

வாக்களிக்கவும் வாக்காளராகப் பதியவும் உரிமை உள்ளவர்கள் அமெரிக்கப் பிரசைகள் மட்டுமே. அகதியாக ஏற்கப்பட்டவர், தஞ்சம் கிடைத்தவர், கிறீன் கார்ட் உள்ளவர் எவரும் பிரசையாகும் வரை பதியக்கூடாது. தெரியாமற் பதிந்தாலும் பின்னர் பெரிய தொல்லை வரும். பிரசை என்று பொய்யாகச் சொன்னதாகக் கொள்ளப்பட்டால் நாடு கடத்தப்படும் அளவுக்கும் போகலாம்.

எமக்குத் தெரிந்த ஒரு சகோதரி, ஓர் அலுவலகத்தில் வேறு காரியத்துக்காகப் படிவம் நிரப்பினார். பின்னால் வரிசை நீண்டு நின்றது. அவசரத்தில், என்ன கேட்கிறார்கள் என்று முழுதாக வாசிக்காமல், எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று அடையாளமிட்டார். அவற்றுள் ஒன்று வாக்காளர் பதிவு. அவர் ஒருநாளும் வாக்களித்ததில்லை. ஆனால் பிரசாவுரிமை விண்ணப்பத்தில் "எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா?" என்று ஒரு கேள்வி உண்டு. அதைக் கண்டபின்தான் அவருக்கு நெஞ்சு பதறியது. சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, பதிவை நீக்கும்படி கடிதம் கொடுத்திருக்கிறார். விண்ணப்பம் இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது. இரவில் நித்திரை இல்லை என்கிறார்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2018இல் கலிபோர்ணியாவில் தானாகப் பதியும் முறை தொடங்கிய சில மாதங்களில், தகுதியில்லாத ஏறக்குறைய 1,500 பேர் தவறுதலாகப் பதியப்பட்டதாக அரசே ஒப்புக்கொண்டது. ஆகவே வரிசை எத்தனை நீளமானாலும் படிவத்தை முழுதாக வாசியுங்கள். விளங்காவிட்டால் அடையாளமிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளிடம் கேளுங்கள். பிரசையாகாத ஒருவரின் பெயருக்கு வாக்குச்சீட்டு வந்தால் அதை நிரப்பி அனுப்பவும் வேண்டாம், பேசாமல் எறியவும் வேண்டாம். உடனே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

அதேபோலப் பிரசையாகக்கூடிய காலம் வந்தும் பேசாமல் இருப்பவர்கள் எம்மில் பலர். அகதியாக அனுமதிக்கப்பட்டு வந்தவருக்கு, அமெரிக்காவில் கால் வைத்த நாளிலிருந்தே ஐந்து ஆண்டுகள் எண்ணப்படும். இங்கே வந்து தஞ்சம் பெற்றவருக்கு, கிறீன் கார்ட் கிடைப்பதற்கு ஓராண்டு முன்னதாக அந்தக் கணக்குத் தொடங்கும். அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் வராதே என்று கவலைப்படுகிறீர்களா? கிறீன் கார்ட்டோடு 20 ஆண்டு இருந்த 50 வயதுக்காரரும், 15 ஆண்டு இருந்த 55 வயதுக்காரரும் ஆங்கிலப் பரீட்சையின்றி, தமிழிலேயே குடியியற் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரோடு விடை சொல்லலாம்.

மேலே சொன்ன 40 வீதத்தையும் 30 வீதத்தையும் இன்னொருமுறை பாருங்கள். மக்கள் தொகையில் நாற்பதாக இருந்தவர்கள் வாக்காளர் தகுதியில் முப்பதாகக் குறைந்தார்கள். அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் பிரசாவுரிமை பெறாதவர்கள். எமது வீடுகளும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன.

வாக்கு இல்லாதவரும் பேசலாம்

பிரசையாகும் வரை வாய்மூடி இருக்கவேண்டும் என்று எண்ணவேண்டாம்.

நகரசபை செவ்வாய்க்கிழமைகளில் மாலையில் வோபேர்ட்டன் அவெனியூவில் உள்ள நகர மண்டபத்தில் கூடும். எந்தச் செவ்வாய் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 1953இல் இயற்றப்பட்ட பிரவுண் சட்டத்தின்படி கூட்டம் பகிரங்கமாக நடக்கவேண்டும். எவரும் போய் இருக்கலாம். பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்கவேண்டும். பிரசையா என்று கேட்கமாட்டார்கள். பெயரைப் பதிந்தால்தான் உள்ளே விடுவோம் என்றும் சொல்ல முடியாது. ஆங்கிலம் வராதவர் மொழிபெயர்ப்பாளரோடு பேசினால், மற்றவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கவேண்டும் என்று 2016இல் சட்டம் வந்திருக்கிறது.

கிறீன் கார்ட் உள்ளவர்கள் தேர்தல் நிலையங்களில் பணியாளராக வேலை செய்யலாம். 2013 சட்டம் அதற்கு இடம் தந்தது. 16 வயதான உயர்தரப் பாடசாலை மாணவரும் பணியாற்றலாம், சிறு கொடுப்பனவும் உண்டு. தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை அங்கே நின்றால் எத்தனை முதியவர்களுக்கு உதவியாக இருக்கும்! பிரசைகளான பிள்ளைகள் 16, 17 வயதிலேயே முன்பதிவு செய்யலாம். 18 ஆனதும் பதிவு தானாகச் செல்லுபடியாகும்.

வாக்கு உள்ளவர்களுக்குச் சில வார்த்தை

கலிபோர்ணியாவில் பதிந்த எல்லாருக்கும் வாக்குச்சீட்டு, தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகத் தபாலில் வரும். நகரசபைத் தேர்தல் இரட்டை எண் ஆண்டுகளில் நவம்பர் மாதத்தில் நடக்கும். பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாள் முன்பு. தவறவிட்டால் வாக்களிப்பு நிலையத்துக்கே போய்ப் பதிந்து அங்கேயே வாக்களிக்கலாம்.

உறையில் கையொப்பம் இட மறக்காதீர்கள். பதிவில் தமிழில் கையொப்பம் இட்டவர் உறையிலும் தமிழிலேயே இடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உங்களைக் கேட்டுக் கடிதம் வரும். அதற்கு உடனே பதில் அனுப்புங்கள்.

தமிழில் ஒரு நகலும் உண்டு. 2020க்குப் பின் வந்த தேர்தல்களில் கவுண்டித் தேர்தல் அலுவலகம் வாக்குச்சீட்டின் நகலைத் தமிழிலும் தந்திருக்கிறது. அந்த நகலில் வாக்களிக்க முடியாது. பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு மற்றச் சீட்டில் அடையாளமிடலாம். கேட்டால்தான் கிடைக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

கடைசியாக வீட்டுக்குள் ஒரு விடயம். நான்கு உறை வந்தால் நான்கையும் அப்பாவே மேசையில் பரப்பி வைத்து நிரப்பிவிடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது என்று கேள்விப்படுகிறோம். அன்போடு செய்கிறார் என்றாலும் அது குற்றம். அம்மாவின் வாக்கு அம்மாவுடையது. விளங்காத இடத்தை வாசித்துச் சொல்லுங்கள். அடையாளத்தை அவரே இடட்டும்.

யார் குத்தினாலும்

"யார் குத்தினாலும் அரிசியானால் சரி" என்று எமது ஊரில் சொல்வார்கள். நகரசபைக்கு யார் போனாலென்ன, குப்பை அள்ளினால் சரிதானே என்பது எம்மவர் பலரின் எண்ணம். ஆனால் குத்தின அரிசியை யாருக்கு எத்தனை கொத்து என்று அளந்து பங்கிடுபவரும் அவர்தானே? பங்கிடும் இடத்தில் எமது வீடு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவராவது வேண்டும்.

உறையைத் தொடாமல் இருந்த ஐயாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தோம். அந்த உறை மகளுடைய பெயருக்கு வந்தது. மகள் பிரசையாகி ஓராண்டு ஆகிறது. ஐயாவுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றிச் சொன்னார். இளவயதில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சைக்கிளில் போய் அங்கே இருந்து வாசித்தவராம். "அது மாநகரசபையின்ரை நூலகம்தானே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

பிறகு கேட்டார்: "இங்கத்தை நூலகத்திலை பேரப்பிள்ளைக்கு வாசிச்சுக் காட்ட இன்னும் கொஞ்சம் தமிழ்ப் புத்தகம் வேணும் எண்டு உந்தச் சபையிலை கேக்கலாமோ? எனக்கு வாக்கில்லையே."

கேட்கலாம் என்றோம். தமிழிலேயே கேட்கலாம், பேத்தி மொழிபெயர்க்கலாம், இரண்டு மடங்கு நேரமும் தருவார்கள் என்றோம்.

ஐயா சிரித்தார். "அப்ப மற்றவையைவிட எனக்குத்தான் கூட நேரம்!"

உறையை எடுத்து மகளிடம் கொடுத்தார். அடுத்த கூட்டம் எப்போது என்று பார்த்துச் சொல்லும்படி எம்மிடம் கேட்டிருக்கிறார். அவரோடு நாமும் போகிறோம். வர விரும்பும் வாசகர்கள் அறியத் தாருங்கள், சேர்ந்து போவோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.